தட்சிணாமூர்த்தி போட்ட பிளான்

"என்னங்க பிளான் இது? தலையும் புரியல, வாலும் புரியல!"

காயத்ரி கையிலிருந்த தாளை மூன்றாவது தடவையாகப் படித்தாள். மணவாளன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் இப்போதுதான் சென்னையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சனி, ஞாயிறு, ரெண்டே நாள். கடலூர் பக்கம் ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்ததால் போக வர எல்லாமே பஸ்தான்.

துணைக்குத் தட்சிணாமூர்த்தியும் அவன் மனைவி எழிலரசியும் வருகிறார்கள். மணவாளன் வேலை பார்க்கும், கடலூரை அடுத்த குடிகாட்டுக் கம்பெனியில் மூணு மாசத்துக்கு முன்னால் சேர்ந்தவன். வீடு சிதம்பரத்தில். அதற்கு முன் சென்னையில் வேலை பார்த்தவன் என்பதால் எந்த பஸ் எங்கே போகும் என்பது அத்துப்படி. பிளான் போடும் வேலையை அவனிடம் விட்டிருந்தார்கள்.

"கேளுங்க. கடலோரமா ஈசிஆர் வழியாப் போற பஸ். அதுல வலது பக்க ஜன்னல் சீட்டுதான் வேணுமாம். இறங்கினதும் கோயம்பேடு பூ மார்க்கெட்டுல ஒரு மணி நேரம். ஏங்க, நம்ம ஊர்ல பூவே இல்லியா?"

"ஏதாவது யோசிச்சித்தான் போட்டிருப்பான்."

"அப்புறம் பீச் ஸ்டேஷன்லேருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். சரி, அங்க இறங்கி எங்க போறோம்னு பாத்தா, எங்கயும் போவல! அதே ரயில்ல திரும்பி வர்றோம்!"

"அப்பிடியா போட்டிருக்கான்?" மணவாளனுக்கே குழப்பமாகிவிட்டது.

"சாயங்காலம் மெரினாவுல காலை நனைச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம். நம்ம தேவனாம்பட்டினம் பீச்சுல இல்லாத தண்ணியா? மறுநாளு மயிலாப்பூர் கோயிலுக்கு, அதுவும் மேளம் வாசிக்கிற நேரமாப் பாத்துப் போவணுமாம். மியூசியம் இல்ல, வண்டலூர் இல்ல, கோளரங்கம் இல்ல. எதுக்குத்தான் போறோம்?"

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"புரிஞ்சிடுச்சிங்க. எல்லாம் டிக்கெட் வாங்காத இடம். உங்க ஃபிரெண்டு சரியான கஞ்சன். போனைப் போட்டுக் குடுங்க, நான் பேசிக்கிறேன்."

மணவாளன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணி" என்றான் தட்சிணாமூர்த்தி.

"தம்பி, மியூசியத்த ஏன் விட்டுட்டீங்க?"

"அது வந்து... எழிலுக்கு இந்த இடமெல்லாம்தான் ரொம்பப் பிடிக்கும் அண்ணி."

"நல்லாருக்கே! அவ்ளோ தூரம் போயிட்டு உருப்படியா ஒண்ணையும் பாக்காம வர்றதா? உங்க வீட்டுல அவுங்களுக்கும் மியூசியம் பாக்க ஆசை இருக்காதா? நீங்களே முடிவு பண்ணிட்டா எப்பிடி?"

காயத்ரி செல்போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க சொல்றதும் சரிதான் அண்ணி. ஞாயித்துக்கிழமை எழும்பூர் மியூசியத்தச் சேத்துடலாம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் கேட்டாள்.

"அப்பிடியே அந்த ரயில்ல சும்மா திரும்பி வர்றத எடுத்துடுங்க."

"அது மட்டும் இருக்கட்டும் அண்ணி, ப்ளீஸ்."

போனை வைத்த பிறகும் காயத்ரிக்குக் குழப்பம் தீரவில்லை. மியூசியத்தை மறு பேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டவன், ஒன்றுமில்லாத ரயிலுக்கு ஏன் கெஞ்சுகிறான்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். சிதம்பரம் பஸ் வந்து நின்றது. தட்சிணாமூர்த்தி முதலில் இறங்கி, படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றான்.

தலை நிறைய மல்லிகையோடு பச்சைப் புடவையில் ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். அவன் தோளைத் தேடிக் கை வைத்தாள்.

"இன்னும் ரெண்டு படி எழில்... இன்னும் ஒண்ணு... இப்ப தரை."

தரையில் கால் ஊன்றியதும், மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோலைப் பையிலிருந்து எடுத்து அவள் நீட்டிக்கொண்டாள்.

காயத்ரி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். தனக்கும் தெரியாது என்று மணவாளன் தலையாட்டினான்.

பூ வாசனை. ஜன்னலில் கடல் காற்று. பறக்கும் ரயிலின் ஆட்டமும் தடதடப்பும். காலில் அலை. கோயில் மேளம். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போனில் தான் பேசிய பேச்சும் கூடவே ஞாபகம் வந்தது.

'ஒண்ணையும் பாக்காம வர்றதா?'

இரண்டடி முன்னால் போய், தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. அந்த மியூசியம் நமக்கு..."

வேண்டாம் என்று தட்சிணாமூர்த்தி அவசரமாகக் கையசைத்தான்.

அதற்குள் எழிலரசி குரல் வந்த திசையில் கையை நீட்டிவிட்டாள். காயத்ரியின் விரல்கள் அகப்பட்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காயத்ரி அக்காதானே? என்னை இதுவரைக்கும் யாருமே மியூசியத்துக்குக் கூப்பிட்டதில்லக்கா. பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லணும்னு நீங்கதான் அடம்பிடிச்சி அதச் சேத்தீங்களாமே, இவரு சொன்னாரு!"