நடுவில் நிற்காத விமானம்

“நடுவுல எங்கயும் நிக்காம, நேராப் போற ஃப்ளைட்டாப் பாத்துப் போடுங்க சார்.”

மேல்படிப்புக்குப் போகிற பெண். முதல் விமானப் பயணம். என் டிராவல்ஸ் ஆபீசுக்குத் துணையாக வந்திருந்த சித்தியும் விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவள்.

“நேராப் போறது விலை கூடம்மா. நடுவுல ஒரு ஊர்ல எட்டு மணி நேரம் நின்னு போறது ஒண்ணு இருக்கு, பாதிக்குப் பாதி குறைவு” என்றேன்.

நிற்கிற ஊரின் பேரைச் சொன்னதுதான் தாமதம், சித்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“ஐயோ, எங்கக்கா அங்கதாங்க இருக்கா! இவளைப் பெத்தவ! அந்த ஏர்போர்ட்லதான் வேலை. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டிக்கெட் பாத்து அனுப்புற வேலை. பெரிய பொறுப்பு, ஆறு வருஷமா லீவே கொடுக்க மாட்டேங்கறாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா நடுவுல இறங்குனா பெட்டியை யாரு தூக்குறது?”

“யாரும் தூக்க வேண்டாம்மா. அது பாட்டுக்குக் கடைசி ஊருக்குப் போயிடும்.”

“இறங்குற ஊருக்குத் தனியா விசா?”

“ஏர்போர்ட்டை விட்டு வெளிய போனாத்தான் வேணும்.”

“எதுக்கு வெளிய போகணும்? எங்கக்காதான் உள்ளேயே இருக்காளே! பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு. போடுங்க சார், அதையே போடுங்க!”

“வேண்டாம் சார்” என்றாள் பெண். “நேராப் போறதே போடுங்க.”

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

“ஏண்டி?”

“எட்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்க முடியாது சித்தி. போரடிக்கும்.”

“பெத்தவளைப் பாக்கப் போரடிக்குமா? உங்கப்பா போனதும் உன்னை என் கையில கொடுத்துட்டுப் போய், ஒத்தை ஆளா உழைச்சுப் படிக்க வச்சாளே! இப்ப காரியம் ஆயிடுச்சு, இனிமே அம்மா எதுக்கு, அப்படித்தானே? ஏறின ஏணியையே எட்டி உதைக்கிறியேடி, பாவி!”

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று வெளியே போய் வாசலில் நின்றுகொண்டாள்.

டிக்கெட் போடுவதோடு என் வேலை முடிந்தது. ஆனால் என் வாய் சும்மா இருந்தால்தானே!

“பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேம்மா. பெத்தவங்களோட ஒரு மணி நேரம் கிடைக்காதான்னு என் முன்னாடி அழுதவங்களைத்தான் பாத்திருக்கேன். எட்டு மணி நேரம் கிடைச்சும் வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீதான். உனக்கு மனசா, கல்லா?”

அவள் கண்ணாடிக் கதவு வழியாகச் சித்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

“சித்திகிட்ட சொல்லிடாதீங்க சார். அம்மா கம்ப்யூட்டர் முன்னாடி எல்லாம் இல்ல. அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கிறவங்க போற பாத்ரூமைக் கழுவுறாங்க.”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. “உனக்கு யாரு சொன்னா?”

“எதிர்வீட்டு அக்கா போன வருஷம் அந்த வழியாப் போனாங்க. நேர்லயே பாத்திருக்காங்க. எனக்குத் தெரியும்னு அம்மாவுக்கே தெரியாது.”

எனக்குக் கோபம் திரும்பவும் வந்தது. “அதுக்கா வெக்கப்படறே? எந்த வேலை செஞ்சா என்ன, உன்னை வளத்த கைம்மா அது!”

“எனக்கா சார் வெக்கம்? அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்க மாட்டோமான்னு தவிச்சுக்கிட்டிருக்கேன்.” முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.

“அப்ப அன்னைக்கு ஒருநாள் லீவு போட்டுட்டு, நல்ல துணியா உடுத்திக்கிட்டு வந்து பாக்கச் சொல்லேன்.”

“விசாரிச்சுட்டேன் சார். லீவு போட்டா உள்ள விட மாட்டாங்க. வேலையில இருந்தாத்தான் பாக்க முடியும். அந்த யூனிஃபார்ம் சட்டையோட, கையில வாளியோட.”

மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“எதிர்வீட்டு அக்காவைப் பாத்ததும் அம்மா சட்டுனு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்களாம். அவங்க வெளிய போற வரைக்கும் முகத்தைக் காட்டவே இல்லையாம்.” கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை. “என்னைப் பாத்தும் அம்மா அப்படித் திரும்பி நின்னுட்டா, அடுத்த ஃப்ளைட்ல நான் எப்படி சார் ஏறுவேன்?”