சாம்பல் நிறப் பெட்டி

கைப்பையை மேசைமேல் வைக்கச் சொன்னபோது தனுஜா தயங்கினாள். பிறகு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாக வைத்தாள்.

இரண்டாயிரத்து எட்டு. இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் எல்லோருடைய பையையும் கிளறித்தான் அனுப்பினார்கள். மலேசியாவிலிருந்து தனியாக வந்திறங்கும் தமிழ்ப் பெண் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே கிளறினார்கள்.

மாற்றுத்துணி ஒன்று. ஒரு துவாய். துவாய்க்குள் சுற்றி வைத்த சாம்பல் நிறப் பெட்டி, சிகரெட் பெட்டி அளவில். பின்பக்கம் பேட்டரி மூடி இருந்தது. அதிகாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மே மொகத்த?" என்ன இது என்று கேட்டார்.

கார் கண்ணாடியில் வைக்கிற சாமான், பெரிய ரோட்டில் காசு வாங்கும் கேட்டை வண்டி நிறுத்தாமலே திறந்துவிடும் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அமுக்கிக் காட்டச் சொன்னார். பொத்தானை அமுக்கியதும் 'கீக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவரைவிட அவள்தான் அதிகம் திடுக்கிட்டாள். சட்டென்று திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தாள்.

யாருடையது என்று கேட்டார். தன் வீட்டுக்காரருடையது என்றாள்.

"அவர் எங்கே?"

"அவருக்கு இப்ப வர ஏலாது, சேர்."

அதிகாரியின் கண் அவள் கழுத்துக்குப் போனது. தாலி இல்லை. நெற்றியிலும் ஒன்றும் இல்லை. மேற்கொண்டு எதுவும் கேட்காமல், பெட்டியைத் தானே துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

வெளியே அண்ணன் அஜந்தன் நின்றுகொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சதீஸைக் கட்டிக்கொண்டு மலேசியாவில் கிள்ளானுக்குப் போன தங்கச்சி, நேற்று திடீரென்று போன் பண்ணி, "நாளைக்கு வர்றேன், கூட்டிட்டுப் போ அண்ணே" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"மச்சான் வரலியா? பெட்டியெல்லாம் எங்க?"

"இந்தப் பை மட்டுந்தான். அவரப் பத்தி இப்ப கேக்காத அண்ணே."

அவனும் அவள் கழுத்தைப் பார்த்தான். தள்ளிப்போய் அம்மாவுக்குப் போன் பண்ணினான். "அம்மா, தங்கச்சி தனியாத்தான் வந்திருக்கா. கழுத்துல ஒண்ணுமில்ல. ஏதும் கேட்டுறாதீங்க."

அவிசாவளை ரோட்டில் அவர்கள் ஏறிய பஸ்ஸை முந்திக்கொண்டு கார் போகும்போதெல்லாம் தனுஜா ஜன்னலிலிருந்து முகத்தை இழுத்துக்கொண்டாள். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் ஏறி அடையாள அட்டை கேட்டார்கள். அஜந்தனுக்கு வியர்த்தது. அவளோ பஸ் தாண்டியபின் ரோட்டின் குறுக்கே கட்டை இறங்குவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது முழுசாக இறங்கிய பிறகுதான் சீட்டில் சாய்ந்தாள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் அவர்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அம்மா இராஜம் அன்றைக்கு ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகவில்லை. மகளைக் கட்டிக்கொண்டாள், சொல்லி வைத்தபடி ஒன்றும் கேட்கவில்லை. தனுஜா ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தவள், அடித்துப் போட்டது போலத் தூங்கிப்போனாள்.

துணி துவைக்கலாம் என்று பையைத் திறந்த இராஜம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"என்னடா இது?"

"மச்சான் கார்ல இருந்ததாம்மா. வரும்போது சொன்னா."

"கார்லதான் போயிருச்சா உசுரு?"

"அப்பிடித்தான் இருக்கணும்."

இராஜம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, சந்தனம் தடவி, விளக்கேற்றினாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருளப்பன் விஷயம் கேட்டு வந்து வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பொழுது சாய்கிற நேரம். மலையேறும் வண்டி ஒன்றின் சத்தம் கேட்டது.

"கதவச் சாத்துங்க! அம்மா, கதவச் சாத்துங்க!" அலறிக்கொண்டு எழுந்தாள் தனுஜா.

"பாண்ரொட்டி விக்கிறவன் வேன்தான் புள்ள," என்றார் இருளப்பன். வேன் லயத்தைத் தாண்டிப் போனது. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் அப்போதுதான் விளக்கு பட்டது. சந்தனப் பொட்டோடு பெட்டியும்.

"என்னம்மா இது?"

"மாப்பிள்ளைக்குத்தான் சாமி. அவரு ஞாபகமா நீ கொண்டாந்தது இது ஒண்ணுதானே."

தனுஜா எழுந்துபோய் விளக்கை ஊதி அணைத்தாள். பெட்டியை எடுக்கக் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே நீலம் பாய்ந்து, அழுத்திப் பிடித்த விரல்களின் தடம்.

"ஐயோ, நீயும் அந்த வண்டியிலதான் இருந்தியா?"

"ஞாபகத்துக்குக் கொண்டாரலம்மா. இது இல்லாட்டி அங்க காசு வாங்குற கேட்டு தொறக்காது. அவரு என்னத் துரத்திக்கிட்டு, எதையும் பார்க்காம, இந்தப் பெட்டி வச்ச வண்டிக போற வரிசையிலதான் வேகமா வருவாரு. கட்டைகிட்ட மாட்டிக்குவாரு, பின்னால கார் அடைச்சிக்கிட்டு நிக்கும், திரும்ப ஏலாது. அதுக்குள்ள பிளேன் ஏறிறலாம்னு, தாலியக் கழட்டி வச்சிட்டு, இத கார்லருந்து கழட்டிக்கிட்டு ஓடியாந்தேன்."

இராஜத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அணைந்த திரியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு வருவாரு? யாரச் சொல்ற நீ?"

தனுஜா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அவரு சாகலம்மா."