தளராத கவுன்

"தினம் எடை பார்த்து மனசைக் கெடுத்துக்காதீங்க. ஒரே உடுப்பை வாரம் ஒருநாள் போட்டுப் பாருங்க. தளர்ந்தா உடம்பு குறையுதுன்னு அர்த்தம்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அவள் நீல கவுனைத் தேர்ந்தெடுத்தாள். கேலி பேசுவாரென்று கணவரிடம் மூச்சு விடவில்லை. இரண்டு மாதம் நடையாய் நடந்தாள், வாயைக் கட்டினாள். கவுனோ ஒவ்வொரு ஞாயிறும் உடம்பை அப்படியே கவ்விப் பிடித்தது.

சந்தேகம் அவர் மேல் திரும்பியது. வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. போதாததற்குக் கொஞ்ச நாளாக அவளைத் திருட்டுப் பார்வை பார்க்கிறார். ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

இந்த ஞாயிறு, கவுனைக் கொண்டுபோய் அடுப்படி மேடையில் போட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம சாப்பாட்டுல எண்ணெயை ஊத்துறீங்களா?"

"எதுக்கு?"

"நான் இளைக்கக் கூடாதுன்னுதான். ரெண்டு மாசமா பாடுபடுறேன். இது ஒரு விரக்கடை தளரலை."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இளைக்கணும்னு நீயேவா இளைச்சே?"

"பின்னே?"

அவர் கவுனை உள்பக்கம் திருப்பினார். பக்கத் தையலை ஒட்டி இன்னும் ஆறு தையல்.

"உன்னைப் பார்த்தாலே எனக்கு அளவு தெரியுமே. கவுன் தொளதொளன்னு தொங்கினா, இவ டெய்லர் பொண்டாட்டியான்னு சிரிப்பாங்க. ஒவ்வொரு சலவைக்கும் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிடிச்சுத் தைச்சேன். ஆறாவது தடவை, உனக்கு ஏதோ வியாதின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அவள் பெயரில், நாளைக் காலைக்கு, பெரிய டாக்டரிடம் வாங்கிய டோக்கன்.