இன்னொருத்தி உரித்த பிளாஸ்திரி

"கண்ணை மூடிக்குங்கக்கா. பேனா எங்க படுதோ அங்க விரலை வைங்க. அவ்ளோதான்" என்றாள் நர்ஸ் ஜான்சி.

மரக்காணம் உப்பளத்துக் கொட்டகையில் அது சாப்பாட்டு நேரம். தொழுநோய் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்து வருகிறவள் ஜான்சி. அன்றைக்கு உப்பு சுமக்கும் பெண்களின் முறை. ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டுச் சோற்றைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்சவல்லிதான் கடைசி.

முழங்கையில் பேனா பட்டது. அம்சவல்லி சரியாக விரலை வைத்தாள். கழுத்திலும் சரியாக வைத்தாள். இடது தோளில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. ஜான்சி அந்த இடத்தில் பேனா முனையை வைத்தாள்.

அம்சவல்லி கண்ணை மூடியபடியே இருந்தாள். "தொட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"மூணு தடவை தொட்டுட்டேன்க்கா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சிஸ்டர், பெரிய வியாதியா?" என்று கேட்டாள் ஆண்டாள். அவள் சும்மா கேட்கவில்லை. வர்ற ஆவணியில் அவள் மகன் அர்ச்சுனனுக்கும் அம்சவல்லியின் மகள் செந்தமிழுக்கும் கல்யாணம். தாம்பூலம் மாற்றியாயிற்று, பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி.

"சந்தேகம்தாம்மா. அப்படியே இருந்தாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும். காசும் வேணாம்."

அது யார் காதிலும் ஏறவில்லை. அம்சவல்லிக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் தூக்குச் சட்டியை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். ஆண்டாள் எழுந்தே விட்டாள். நேற்றுவரை ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள்தான்.

"சம்பந்தி, எதுக்கும் நான் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அம்சவல்லி அவசரமாகக் குறுக்கிட்டாள். "ஐயோ, அது வியாதி இல்ல சிஸ்டர்! பிளாஸ்திரி!"

"என்ன பிளாஸ்திரி?"

"மொதலாளியம்மாவுக்கு ரெண்டு வருசம் முன்ன அக்கி வந்துது. புண்ணு ஆறிடுச்சு, வலி போகல. அவங்க பையன் வெளிநாட்லருந்து பிளாஸ்திரி அனுப்புறாரு. ஒட்டினா அந்த எடமே மரத்துப் போயிடும். பன்னெண்டு மணி நேரம் வச்சிருந்து உரிச்சிடுவாங்க."

"சரி, அது உங்களுக்கு எப்படி கெடைச்சுது?"

தினமும் முதலாளி வீட்டில் பெருக்கி, பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் அம்சவல்லி அளத்துக்கு வருவாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முனகினாள்.

"காதுல விழலக்கா."

"குப்பைக் கூடையிலருந்து எடுத்தேன்!" குரல் உடைந்துவிட்டது. "அவங்க உரிச்சிப் போட்டதை எடுத்து நான் ஒட்டிக்கிறேன். எட்டு மாசமா. மருந்து மிச்சம் இருக்குது அதுல. பதினேழு வருசம் உப்பு சுமந்த ஒடம்பு சிஸ்டர், திரும்பிப் படுக்க முடியல. அதை ஒட்டினா கொஞ்சம் கண்ணு அசருது."

"ச்சீ! அடுத்தவ ஒடம்புல கெடந்ததையா?" என்றது ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கேட்டிருந்தா அவங்களே ஒண்ணு குடுத்திருப்பாங்களே!" என்றாள் இன்னொருத்தி.

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஒருத்தியிடம் கேட்க வெட்கப்பட்டதை இத்தனை பேர் முன்னால் சொல்லும்படி ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் இது முதலாளியம்மா காதுக்குப் போய்விடும். அந்த வீட்டு வேலையும் போய்விடும். அம்சவல்லி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தோல் ஏன் வெளுத்திருக்குது?" ஜான்சி விடவில்லை.

"ஒட்டி ஒட்டி உரிச்சா வெளுக்காதா?"

"இப்ப பிளாஸ்திரி எங்க?"

"காலையில குளிக்கிறப்போ எடுத்துட்டேன்."

ஜான்சி கொஞ்சம் யோசித்தாள். "மருந்து வேகம் இருந்தா உணர்ச்சி தெரியாதுதான். ரெண்டு நாள் எதையும் ஒட்டாதீங்க. வெள்ளிக்கிழமை வந்து திரும்பப் பாக்குறேன். இனிமே குப்பையிலருந்து எடுக்காதீங்கக்கா, தப்பு."

ஆண்டாளுக்குப் போன உயிர் வந்தது. "அதானே பார்த்தேன்! இந்தக் கூத்தை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சம்பந்தி?" என்று பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் சட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து அம்சவல்லியின் சோற்றில் வைத்தாள். மற்றவர்கள் பிளாஸ்திரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்சவல்லி நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தவள், கொட்டகையைத் தாண்டியதும் பாத்தி வரப்பில் ஓடத் தொடங்கினாள். ரோட்டோரம் மொபெட்டைக் கிளப்பப்போன ஜான்சி திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா? அதான் வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொன்னேனே."

"வராதீங்க சிஸ்டர்." அம்சவல்லி மூச்சு வாங்கினாள். யாரும் பின்னால் வரவில்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"நான் பிளாஸ்திரி ஒட்டுறது இடுப்புல. தோள்ல ஒரு நாளும் ஒட்டினதில்ல. அந்த ஆறு மாச மாத்திரைய யாருக்கும் தெரியாம எனக்குக் குடுப்பீங்களா?"