எது வேண்டாம் என்று கேட்ட எஸ்எஸ்டி

ஓர் அலுவலகத்தின் இணைய வாசலைக் காக்கும் ஃபயர்வால் ரூட்டருக்குள், தகவல்களைச் சேமித்துவைக்கும் ஓர் எஸ்எஸ்டி இருந்தது. வருவோர் போவோர் விவரத்தை ரூட்டர் சொல்லச் சொல்ல அது எழுதிவைக்கும். பழைய பதிவுகளை ரூட்டர் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடும்; ஆனால் எஸ்எஸ்டியிடம் சொல்லாது. அதனால் அது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தது. புதியதற்கு இடம் வேண்டும்போதெல்லாம் பழையதை வேறிடத்தில் மறுபடி எழுதியது. எழுத எழுத அதன் ஆயுள் தேய்ந்தது.

“அண்ணே, எது வேண்டாம்னு சொன்னீங்கன்னா இறக்கி வச்சிடுவேன்,” என்று ரூட்டரிடம் கேட்டது எஸ்எஸ்டி.

“சொன்னதை மட்டும் எழுதுப்பா. வரவர ரொம்ப மந்தமாயிட்டே.”

கேட்டதற்கே வெட்கப்பட்டு, எஸ்எஸ்டி இன்னும் கவனமாகச் சுமந்தது. ஒருநாள் எழுத முடியாமல் நின்றுபோனது.

டெக்னீஷியன் பிலோமினா அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். பிறகு செட்டிங்கில் ‘டிரிம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள்.

“அழிச்சதை இனிமே ரூட்டரே எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும் சார்,” என்றாள் மேனேஜரிடம். “முதல் நாளே போட்டிருக்கணும்.”

மாலையில் ரூட்டர் புதியதைப் பாராட்டியது. “என்ன வேகம்டா உனக்கு! முன்னாடி ஒருத்தன் இருந்தான், எதையும் விடமாட்டான்.”

“ஏன் அண்ணே?”

“யாருக்குத் தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”