வழக்குச் செலவு

"நியாயம் கேக்கிறதுக்கும் காசு குடுக்க வேணுமோ அம்மா?" முன்பொருநாள் மகள் கேட்டது, லா சப்பல் சலவைக்கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் அற்புதமலரின் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. அறையைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்காரன் போட்ட வழக்கின் பிரெஞ்சுத் தீர்ப்பு, பக்கத்தில் இருக்கும் லூசியனின் கையில் இருக்கிறது. புதுச்சேரிக்காரனான அவனுக்கு நாளைக்கு வக்கீல் தேர்வு. தூக்கமில்லாமல் சிவந்த கண்களோடு, தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவளுடைய தாளை வரிவரியாக வாசிக்கிறான். வெளியே பாலத்தின்மேல் மெத்ரோ ரயில் ஓட, கண்ணாடி அதிர்கிறது. "நீங்க காலி பண்ண வேணாங்க்கா. வழக்குச் செலவையும் அந்த ஆளே கட்டணும்னு நீதிபதி சொல்லிட்டாரு." "எங்கட வக்கீலின்ர காசுமோ தம்பி?" "அதுவுந்தான். இந்தக் கேள்வி நாளைக்கு எனக்கு வந்தா நல்லாருக்கும்." "மாதா அதையே கேக்கப் பண்ணுவா." சிரித்தபடி சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போகிறான். கடையில் வேறு யாரும் இல்லை. வாங்கில் கிடக்கும் அவனுடைய கறுப்புக் கோட்டில் பொத்தான் ஒன்று ஒற்றை நூலில் தொங்குகிறது. தையல் பட்டறையில் காலையிலிருந்து குனிந்த கழுத்து அவளுக்கு வலிக்கிறது. என்றாலும் சட்டைக் கழுத்தில் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை எடுக்கிறாள். பொத்தானை இறுகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, அதன்மேல் விரலால் சிறிய சிலுவை வரைகிறாள். கோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு, இயந்திரத்தில் காய்ந்த துணிகளோடு வெளியே வந்து ஓசையில்லாமல் கதவைச் சாத்துகிறாள்.