மழை நாளில் போட்ட கையெழுத்து

லிஃப்ட் கம்பெனிக் கூட்டத்தில் அந்த மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"ஒரு மழை நாள்," என்று தொடர்ந்தார் வகுப்பெடுக்க வந்திருந்த அம்மா. நல்லது கெட்டது யோசித்து முடிவெடுப்பது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொல்லித்தரும் தொண்டு நிறுவனத்துக்காரர். "மெக்கானிக் ஒருத்தர் மொட்டை மாடி ஏறி மெஷினைப் பார்க்கணும். நனையச் சோம்பல். ஏறாமலே, பிரேக் பார்த்தாச்சுன்னு கையெழுத்து போட்டுட்டுப் போயிடறார். அவரை என்ன செய்யலாம்?"

போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டில் அவன் செய்தது அச்சு அசலாக அதுதான். விஷயம் தெரிந்த ஒரே ஆள், கூடவே வேலை பார்க்கும் மச்சான். பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

பெண்டாட்டியின் தம்பியாச்சே என்று நம்பிச் சொன்னது தப்பு. கூட இருந்தே குழி பறித்துவிட்டான்.

விடுமுறை நாளில் கூப்பிட்டு உட்காரவைத்த எரிச்சலோ என்னவோ, ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். வேலையை விட்டுத் தூக்கணும். போலீஸில் கொடுக்கணும். உரத்த தொண்டையால் 'ஸ்பீக்கர்' என்று பேர் வாங்கிய சீனியர், அந்த ஆளையே லிஃப்டில் ஏற்றிக் கயிற்றை அறுத்துவிடணும் என்றார். ஒரே சிரிப்பு.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. தன்னையே பார்ப்பதுபோல் பட்டது இவனுக்கு. நோயாளியோடு ஸ்ட்ரெச்சர் ஏறுகிற லிஃப்ட் அது.

எழுந்துவிட்டான்.

"அது நான்தான் சார். ஆஸ்பத்திரி லிஃப்ட்."

சிரிப்பு பட்டென்று நின்றது. அந்த அம்மா திருதிருவென்று விழித்தார்.

"தம்பி, அது நானா கற்பனை பண்ணின கதைப்பா."

முதலாளியின் முகம் கறுத்தது. "அந்த லிஃப்ட் இப்ப ஓடிட்டிருக்கா?"

மச்சான் மெல்ல எழுந்தான். "அன்னிக்குச் சாயங்காலமே நான் ஏறிப் பார்த்துட்டேன் சார். பிரேக் நல்லா இருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்தி இவனிடம் சொன்னான். "சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன், மாமா."

இவனுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

முதலாளி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க. இவனை என்ன செய்யலாம்?"

டீ குடித்துவிட்டுப் பேசலாமே என்று அந்த அம்மாதான் பேச்சை மாற்றினார்.

டீ வந்தபோது குடிக்க நாலு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு, அவரவர் பார்த்ததாகக் கையெழுத்து போட்ட லிஃப்டுகளைத் தேடிப் போயிருந்தார்கள்.

முதல் ஆளாக ஓடியவர் ஸ்பீக்கர்.